அக்காவுக்காக ஒரு சத்தியக்கடதாசி

என் அக்கா பிறந்து பதினாறு வருடமாகியும், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் இன்னும் பிறக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் அடைமழை நாளொன்றில் பிறந்தவளைப் பதிந்து வர அப்போது யாருக்கும் நேரம் கிடைக்கவில்லையாம். பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பிந்திப் பதிவதென்றால் அம்மா ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சத்தியம் என்றால் அம்மாவுக்கு ஒரே வழிதான் தெரியும். சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைப்பது. அக்காவையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறும்போதே முந்தானையில் சூடக்கட்டியை முடிந்துகொண்டார். எட்டு வயதான நான் அந்த வேடிக்கையைப் பார்க்கவென்றே அடம்பிடித்துக் கூடப் போனேன்.

சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கும் சமாதான நீதவான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மா மேசையில் சூடத்தை வைத்ததும் பதறிப்போனார்.

“ஐயோ, உதெல்லாம் வேண்டாம் அம்மா! ஒரு கையெழுத்துக் காணும்.”

ஆசிரியர் அல்லவா, அதோடு விடுவாரா? விளக்கத் தொடங்கிவிட்டார். இங்கிலீஷில் இதன் பெயர் அஃபிடவிட். ‘சத்தியம் பண்ணியிருக்கிறார்’ என்று பொருள்படும் பழைய இலத்தீன் சொல். கடதாசி, போர்த்துக்கேயர் விட்டுப்போனது. வெள்ளைக்காரர்கள் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். இந்துக்களும் பௌத்தர்களும் உறுதி கூறினால் போதும் என்று சட்டத்தில் இடம்வைத்தார்கள். இத்தனை தேசத்தாரும் கடல்தாண்டி வந்தது எங்கள் அக்கா பரீட்சை எழுதத்தான் என்று நான் முடிவுகட்டினேன்.

“அப்டீன்னா எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க சேர்,” என்றார் அம்மா.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பதிவேட்டிலிருந்த திகதியில் மகள் பிறந்ததைத் தான் அறிவதாக அதில் இருந்தது. அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“மழ பேஞ்சது தெரியும். விடியிற நேரம், அதும் தெரியும். தேதி எனக்குத் தெரியாதுங்க. தெரியாதத எப்புடிங்க சத்தியம் பண்றது?”

“பேசாம கையெழுத்த வச்சிருங்கம்மா, பரீட்சைக்கு விடமாட்டாங்கம்மா!” அக்கா அழுதேவிட்டாள்.

ஆசிரியர் தட்டச்சுப்பொறியில் புதுத் தாளைச் செருகினார். ‘பதிவேட்டின்படியும், நான் அறிந்த வரையிலும் நம்புகிற வரையிலும்’ என்று அடித்தார். தெரிந்ததற்கு மேல் சொல்ல மனமில்லாதவர்களுக்காகச் சட்டத்தில் எப்போதோ வைத்த வாசகம் இது என்றார். அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

அக்கா பரீட்சை எழுதினாள். இன்று நானுஓயாப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். அன்று நான் வேடிக்கை கிடைக்காத கோபத்தில் திரும்பும் வழிநெடுக அம்மாவோடு பேசவில்லை. அம்மாவோ யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குள் சிரித்தபடியே வந்தார். தோட்டத்து ஒபீசில் நீட்டிய தாளிலெல்லாம் காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தே பழகியவர் அவர். ஒரு தாள் அவருக்காகத் திருத்தி எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது தெரியாது.