விளிம்பு வரை தண்ணீர்

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடைக்கு அந்தத் தண்டல் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். சுமத்ராவிலிருந்து பாக்கு ஏற்றிவரும் தொங்கான் என்ற சரக்குப் படகை ஓட்டுகிறவர். உப்புக்காற்றில் வெளுத்த புருவம், கைலிக்கு மேல் அகலமான பச்சை வார். கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மேசை நடுவில் வைத்து, அது அசைகிறதா என்று முறைத்துப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

புயலும் பூகம்பமும் எங்கெல்லாம் வரும் என்று ஒருநாள் கடைக்காரர் என்னைக் கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார், சும்மா விடுவேனா? புயல் வங்கக் கடலில், பூகம்பம் சுமத்ராவில் என்றேன்.

"இங்க ரெண்டும் வராது. சுமத்ராதான் நமக்கு மதிலு. அண்ணே, நீங்க பயப்படாம சாப்பிடுங்க" என்று தண்டலைப் பார்த்துச் சிரித்தேன். கடையே சிரித்தது.

அவர் மேசையில் ஓங்கி அறைந்தார். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது.

"மதிலா? அங்க மனுசன் இல்லையா? என் மகள அங்கதான்யா கட்டிக் குடுத்திருக்கேன்! இங்க தண்ணி ஆடுச்சுன்னா அங்க வீடு விழுதுன்னு அர்த்தம். எனக்காகவா பாக்குறேன்? படிச்சவரு பேசுற பேச்சா இது, வாத்தியாரே?"

சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இன்றும் பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதே பதிலைத்தான் சொல்கிறேன். பதிலில் தப்பில்லை. அன்று அதைச் சொல்லிச் சிரித்த வாயைத்தான் அறைய வேண்டும் போலிருக்கிறது.