மாமாவின் பொன்னுக்கு வீங்கி

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது வயது ஒன்பது. அந்த மாதம் பாதி வகுப்பு கன்னம் உப்பிக்கொண்டு வீட்டில் கிடந்தது. அம்மா வழக்கப்படி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். பத்தே நாளில் வடிந்துவிட்டது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றாள்.

அடுத்த வாரம் மாமா தன் இடது காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அம்மாவின் தம்பி, மந்தைவெளியில் எங்களோடேயே இருந்தவர்.

“இன்னா பாப்பா, உன் சொத்துல எனக்கும் பங்கு குடுத்துட்டியா?”

சங்கிலி அவர் கழுத்துக்கு மாறியது. மாமாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை வேலை. புடவையைத் தன் தோளிலேயே விரித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தால், “உனக்கே இவ்ளோ நல்லா கீதே, நைனா!” என்று பெண்கள் வாங்கிப் போவார்களாம். சங்கிலியைப் பார்த்துவிட்டுக் கடைப் பையன்கள், “பொண்ணு வூட்ல போட்டாங்களா?” என்று ஓட்டியதை வீட்டில் நடித்துக் காட்டுவார்.

ஒரு மாதமாகியும் வீக்கம் வடியவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என்னிடமிருந்து ஒட்டியது என்ற கனத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

டாக்டர் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்; ஸ்கேனும் பார்த்தார். முடிவு சொன்ன அன்று என்னை விட்டுப்போக ஆளில்லாமல் கூட்டிப்போனார்கள்.

“எச்சில் சுரப்பியில வர்ற கேன்சர். ரொம்ப அபூர்வமா வரும்.”

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “எச்சில்லகூடவா வரும்? வெத்தலைகூடப் போடமாட்டானே டாக்டர்!”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஆப்பரேஷன் பண்ணிட்டு, அப்புறம் கதிர்வீச்சு குடுக்கணும். ஆனா முகத்தை அசைக்கிற நரம்பு கட்டிக்குள்ள மாட்டியிருக்கு. அதையும் சேர்த்து வெட்டணும்.” மாமா பக்கம் திரும்பினார். “ஒரு மாசக் கட்டி இவ்ளோ தூரம் போகாது. உண்மைய சொல்லுங்க, எவ்ளோ நாளா இருக்கு?”

மாமா தரையைப் பார்த்தார். “ரெண்டு வருஷமா. கோலிக்குண்டு கணக்கா இருந்துச்சு, வலிக்கல. பயந்துகினு காலரை ஏத்திவுட்டு மறைச்சுட்டேன். பாப்பாவுக்கு வீங்குனதும், இதுவும் அதான்னு சொல்லிட்டேன்.”

“அடப்பாவி!” அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

எனக்கோ ஒன்றுதான் காதில் விழுந்தது. “அப்போ என்னால வரலையா!” என்று கைதட்டிக் குதித்தேன். ரெண்டு வருஷம் என்று கேட்டு அந்த அறையில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நான்தான்.

“இல்லடா கண்ணு, இது என் சொந்தச் சரக்கு” என்று மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். கன்னம் இரண்டும் குழிய, கண் இரண்டும் இடுங்கச் சிரித்தார். என்னைப் போலவே அவருக்கும் நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

ஆப்பரேஷன் நடந்தது, ஆறு வாரம் கதிர்வீச்சும். மாமா பிழைத்துக்கொண்டார். தூங்கும்போது இடது கண்ணை டேப் ஒட்டி மூடிக்கொள்கிறார். சோற்றுக்கு நடுவே நடுவே தண்ணீர் குடிக்கிறார். கடையில் புடவையைக் காட்டும்போது வலது கன்னம் மட்டும் தெரியும்படி திரும்பி நிற்கிறார்.

டாக்டர் வெட்டணும் என்றது அந்தச் சிரிப்பைத்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குதிப்பதை விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.