நாற்பது தாள்களும் அம்மாவின் ஊசியும்

பி.எஸ்சி. தாவரவியல் படித்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர், வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். கிடைத்தது. பி.காம். கிடைத்தது, அதுவும் முதல் நாளே. நான்தான் வேண்டாம் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறுவது உண்மைதான். அதை நான் மறைத்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பி.காம். முடித்தால் கம்பெனி ஆபீஸில் பில் போடும் வேலை வாங்கித் தருவதாக மேனேஜர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, வெடிமருந்து கையில் ஒட்டாது. மகளுக்கு அது போதும் என்று அப்பா நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நாளிலிருந்து என் புத்தி வேறு பக்கம் போய்விட்டிருந்தது. மூன்று நாள் வீட்டில் சண்டை நடந்தது. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். விருதுநகருக்குப் போய் எதை வேண்டுமானாலும் படி, ஒரு அரியர் விழுந்தாலும் படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும் என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நான்கு செமஸ்டர் ஒன்றும் விழாமல் தாண்டினேன். ஐந்தாவதில் ஹெர்பேரியம் வந்தது. செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, பெயரும் குடும்பமும் கிடைத்த இடமும் எழுதி ஒப்படைக்க வேண்டும். மொத்தம் நாற்பது. அது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். சீனியர்களிடம் பழைய செட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுகிறவர்கள் உண்டு. செடிக்காக வீட்டில் சண்டை போட்டு வந்தவள் அடுத்தவர் பறித்த செடியைக் காட்டுவதா? நாற்பதையும் நானே பறித்தேன்.

பறித்ததெல்லாம் சரி. அழுத்தியதில்தான் கோட்டை விட்டேன். செய்தித்தாளில் வைக்கச் சொல்லியிருந்தார் எங்கள் மேடம். எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை. ஆனால் சிவகாசிக்காரிக்குத் தாளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அண்ணன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர். காலண்டர் அடித்துக் கழித்த தாளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். எங்கள் தெருவில் அலமாரியில் விரிப்பதும் அதுதான், நோட்டுக்கு அட்டை போடுவதும் அதுதான். இரண்டு கட்டு வாங்கி, செடிகளை அதற்குள் அடுக்கி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத் தீபாவளி கொண்டாடப் போய்விட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் பிரித்துப் பார்த்தேன். அந்த வழவழப்பான தாள் ஈரத்தை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. செடிகள் வெந்த கீரை மாதிரி கறுத்து, பூஞ்சை பிடித்து நாறின. சரியாகக் காயாத மை இளகி, கீழாநெல்லியின் மேல் முருகனின் பாதி முகம் நீலமாக ஒட்டியிருந்தது. இலைக்குள் நீர் எப்படி ஏறும், எப்படி வெளியேறும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவள் நான். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

செய்முறைத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வெளியே அடைமழை. சீசன் முடிந்து கம்பெனி மூடிக் கிடந்ததால் அப்பாவும் அம்மாவும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒளித்து வைக்க வழியில்லை, சொன்னேன். அப்பாவுக்கு அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டிய வேலைகூட இல்லை. சும்மா இருந்தாலே நான் கம்பெனிக்குத்தான் போயிருப்பேன். ஆனால் அவர் கறுத்த செடிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எந்தெந்தப் பக்கம் முளைக்கும் என்று கேட்டார். மறுநாள் காலையில் மொபட்டை எடுத்துவிட்டார்.

ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை என்று அலைந்தோம். கரிசல் மண் காலில் அப்பி அப்பி, செருப்பு ஒரு கிலோ கனத்தது. அப்பா குடையைச் செடிக்குத்தான் பிடித்தார், எனக்கல்ல. டீக்கடை டீக்கடையாகப் போய்ப் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கியதும் அவர்தான். ஈரமான தாளை அடுப்புப் பக்கம் கொண்டுபோக அம்மா விடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவளிடம் தாளையும் தீயையும் பக்கத்தில் வைக்கிறேன் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு தாளாக இஸ்திரி போட்டுக் காயவைத்து, காலையும் மாலையும் செடிகளுக்கு மாற்றினேன். என்ன செய்தும் காயாத பிரண்டை மட்டும் துவையலாகிவிட்டது. அதற்குப் பதில் தும்பை வந்தது.

இலைகள் பச்சை மாறாமல் காய்ந்தன. ஆனால் ஆவாரை, நீர்முள்ளி போன்ற முரட்டுத் தண்டுகள் பசைக்கு அடங்கவில்லை. அவற்றை நூலால் தைக்க வேண்டும். நான் தைத்த முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஊசியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சரவெடி பின்னிய கை அது. சரவெடிக்குக் கோர்ட்டு தடை போட்ட பிறகு அவளைப் பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். எங்கே தைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லச் சொல்ல, தண்டு நசுங்காமல், முடிச்சு வெளியே தெரியாமல் தைத்துக்கொண்டே போனாள்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என் தாள்களைப் புரட்டினார். பின்பக்கம் திருப்பி முடிச்சுகளைப் பார்த்தார். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வாங்கல சார். பறிச்சது, காயவச்சது, பேர் கண்டுபிடிச்சது நான். தைச்சது எங்க அம்மா."

"அப்ப மார்க்கை யாருக்குப் போட?"

கேட்டுவிட்டு, பெயர்ச்சீட்டுகளைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக நீட்டினார். கண் முன்னால் கம்பெனி ஆபீஸும் பில் புக்கும் வந்து போயின. ஆனாலும் சொன்னேன். பெயர், குடும்பம், எங்கே பறித்தேன், அன்றைக்கு மழை பெய்ததா என்பது வரை சொன்னேன். ஆடுதீண்டாப்பாளையின் பூ நொறுங்கிப் போயிருந்தது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று மடக்கினார். காய் ஆறாகப் பிளந்து கூடை போலத் தொங்குவதைக் காட்டினேன். பதினைந்தாவது தாளோடு கையை எடுத்துவிட்டார். எங்கள் மேடத்திடம் திரும்பி, இந்தச் செட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், துறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

செமஸ்டர் முடிவு வந்த அன்று அப்பா மேனேஜரிடம் போய், பில் போடும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். என் மகள் மேற்கொண்டு படிக்கப் போகிறாள் என்றாராம். எனக்கே அதற்கப்புறம்தான் தெரியும்.

நான் மேடத்திடம் ஒன்று கேட்டிருந்தேன். சீட்டில் சேகரித்தவர் என்று என் பெயர் இருக்கிறது, கீழே இன்னொரு வரி சேர்க்கலாமா என்று. தாராளமாகச் செய் என்றார்கள். நாற்பது சீட்டையும் புதிதாக எழுதினேன். அடுத்த வாரமே அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மேடம் இரும்பு அலமாரியைத் திறந்து ஆவாரைத் தாளை அவள் கையில் கொடுத்தார்கள். தைத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அம்மா விரலால் தொட்டுப் படித்தாள்.

"இத என்ன செய்வீக?"

ஒன்றும் செய்யமாட்டோம், இப்படியே பத்திரமாக வைத்திருப்போம், உங்கள் பேத்தி படிக்க வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள் மேடம்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு வருசத்துல நான் செஞ்சது ஒண்ணுகூட ஒரு தீவாளியத் தாண்டுனதில்ல தாயி."

சொல்லிவிட்டுத் தாளை இருந்த இடத்திலேயே வைத்து, அலமாரிக் கதவை அவளே சாத்தினாள்.