சாட்சி நாற்காலி

சிங்கம் என்று அவருக்குப் பேர் வைத்தவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும். கரப்பான் பறந்தால் கட்டில்மேல் ஏறுகிற மனிதர் அவர். பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததும், "வலி நின்னு போச்சு டாக்டர்" என்று எழுந்து வந்தவர். இதெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியும், கத்திக்காரர் சங்கத்துக்குத் தெரியாது. சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கண் இமைக்க மாட்டார் என்பது மட்டும்தான் சங்கத்துக்குத் தெரியும்.

அந்தப் பாழாய்ப்போன நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் முப்பத்தொரு பேர். சமையல்காரருக்கு, தோல் தைப்பவருக்கு, மீன் வெட்டுபவருக்கு என்று கையளவு பார்த்து ஒவ்வொரு கத்தியாகச் செய்து கொடுப்பவர்கள். வருஷத்துக்கு ஒரு நாள், மூடிக்கிடக்கும் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கூடுவார்கள். புதிதாகச் சேர நினைக்கிறவர் ஓர் உறுப்பினரின் பட்டறையில் ஒரு வருஷம் வேலை பழகி, தான் செய்த கத்தியோடு அங்கே தேர்வுக்கு வர வேண்டும். தொங்குகிற கயிறு ஒரே வீச்சில் அறுபட வேண்டும். மரக்கட்டையை வெட்டிவிட்டு, அதே கத்தியால் கை மயிரை மழித்துக் காட்ட வேண்டும்.

வினையெல்லாம் கடைசியில்தான். கத்தியின் நுனியை, மேஜையோடு பொருத்திய இரும்புக் கவ்வியான வைஸில் இறுக்கி, பிடியில் இரும்புக் குழாயை மாட்டி, தொண்ணூறு டிகிரிக்கு வளைக்க வேண்டும். நல்ல கத்தி வளையும். உள்ளே விரிசல் இருந்தால் உடைந்து பறக்கும். வளைக்கிறவருக்கு முகக்கவசம் உண்டு. பார்க்க வந்தவர்களுக்குக் கண்ணாடித் தடுப்பு உண்டு. பழக்கிவிட்டவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. வைஸிலிருந்து ஒரு கை தூரத்தில், மரநாற்காலியில், வெறும் முகத்தோடு அவர் உட்கார வேண்டும். "நீ சொல்லிக் குடுத்த வேலைய நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?" என்று கேட்டு இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எட்டு தடவை அதில் உட்கார்ந்தார் நம் ஆள். இடது பக்கத்தை வைஸுக்குக் காட்டி, இடது கண்ணை விரியத் திறந்து வைத்திருப்பார். கூட்டம் வாய் பிளந்து பார்க்கும். அந்த இடது கண் இருபத்திரண்டு வயதிலேயே போய்விட்டது. காகித ஆலையில் கத்தி தீட்டும் வேலையில் இருந்தபோது சாணைக்கல் வெடித்து, ஒரு சில்லு உள்ளே புகுந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே இருட்டு. கூட்டம் பார்க்காத பக்கத்தில் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு, இவர் சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இவர்தான் சிங்கம்!

"இருக்கறது ஒத்தக் கண்ணு. அதையும் குடுத்துட்டு வந்து நிக்கப்போறீங்க. அப்புறம் நான்தான் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகணும்" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கு முந்தின நாளும் மனைவி திட்டுவார்.

"சும்மா இரு, சுவருக்கும் காது இருக்கு" என்பார் இவர்.

சுவருக்கு இருந்தது, இவருக்குத்தான் இல்லாமல் போனது. முப்பது வருஷமாகக் கிரைண்டர் பக்கத்தில் நின்றதில், மெல்லிய கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாக இவரை விட்டுப் போயின. பேச்சு கேட்கும், கதவைத் தட்டினால் கேட்கும். கைபேசி மணியும் குருவிச் சத்தமும் கேட்காது. வேறு தொழிலாக இருந்தால் பரவாயில்லை. பழுக்கக் காய்ந்த கத்தியை எண்ணெயில் முக்கும்போது உள்ளே விரிசல் விட்டால், 'டிண்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஒரே ஒரு தடவைதான் வரும். அதைக் கேட்பதற்காகவே பழக்குகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்று, 'முக்கியபோது சத்தம் இல்லை' என்று தேர்வு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருஷமாக இவர் கேட்காத காதோடு நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது செவிட்டுக் காதுக்காரர்களின் பழக்கம். இவருக்கும் அது நன்றாகவே படிந்துவிட்டது.

இப்போது நர்ஸ் வருகிறாள். கண் ஆஸ்பத்திரியில் வேலை, இருபத்தாறு வயது. டாக்டர்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, ஒன்றையாவது தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. விடுப்பு நாளெல்லாம் இவர் பட்டறையில்தான் கிடப்பாள். நல்ல கை, சுத்தமான வேலை. எதைக் கொடுத்தாலும் சுற்றிக்கொண்டு இவருடைய வலப்பக்கம் வந்துதான் கொடுப்பாள். ஆஸ்பத்திரிப் பழக்கம் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷக் கூட்டத்தில் நர்ஸின் கத்தி கயிற்றை அறுத்தது, கட்டையை வெட்டியது, மயிரையும் மழித்தது. வளைக்கிற கட்டம் வந்ததும் தலைவர், "யோவ் சிங்கம், சீட்டு காலியா இருக்கு!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டே நர்ஸ் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

"மாஸ்டர், அன்னைக்கு எண்ணெயில முக்கினப்ப சின்னதா ஒரு சத்தம் வந்துச்சே. நான் திரும்பிப் பாத்தேன், நீங்க தலையாட்டினீங்க. இடுக்கி தட்டின சத்தம்தானே அது?"

அவருக்கு அவள் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. சூட்டின் நிறம் சரியா என்று கேட்கிறாள் என நினைத்துத் தலையாட்டினார். "எந்தச் சத்தம்?" என்று இப்போது கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

"ஆமா, இடுக்கிதான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நாற்காலிக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் அவர் போட்ட கணக்கு இருக்கிறதே! உண்மையைச் சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டது வெளியே வரும், பழக்குகிற உரிமை போகும். அட்டை பொய்யென்றால் நர்ஸின் கத்தியும் தள்ளுபடி. ஒரு வருஷ விடுப்பையெல்லாம் கொட்டிய உழைப்பு வீண். சொல்லாவிட்டால் போகப்போவது இருக்கிற ஒற்றைக் கண். ஒருவேளை அது இடுக்கிச் சத்தமாகவே இருந்தால்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். விரிசல் மயிரைவிட மெல்லிசு, மெருகு போட்டால் மூடிக்கொள்ளும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாய் திறக்க முடியாமல் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது வரிசையில் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைஸ் இறுகியது. நர்ஸ் கவசத்தை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தாள். பின்னால் பலகையில் சுண்ணாம்புக் கோடுகள். தலைவர் அதைப் பார்த்து டிகிரி சொல்வது வழக்கம்.

"பத்து."

இவர் வலது கண்ணை இறுக மூடினார்.

"இருபது."

இரும்பு கிறீச்சிட்டிருக்கும், இவருக்குக் கேட்கவில்லை. கண்ணும் இல்லை, காதும் இல்லை. பயம் மட்டும் முழுசாக இருந்தது. காகித ஆலையில் அன்றைக்கு முகத்தில் பட்ட அந்தச் சூடு, முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி பட்டதுபோல் இருந்தது.

"முப்ப—"

நேர்மை வந்து அவரை எழுப்பியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பயம்தான் எழுப்பியது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, "நிறுத்தும்மா! நிறுத்து!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டார். சிங்கத்தின் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை எல்லாரும் பார்த்தார்கள்.

"அது இடுக்கியான்னு எனக்குத் தெரியாது" என்றார். "எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயி ஆறு வருஷம் ஆச்சு. சத்தம் இல்லன்னு பொய்யா எழுதிக் குடுத்தேன்."

காறித் துப்பப் போகிறார்கள் என்று தலை குனிந்து நின்றார். அப்போது பின்வரிசையிலிருந்து மடக்குக் கத்தி செய்கிற கிழவர் கையைத் தூக்கினார்.

"எனக்கு எட்டு வருஷம்."

"எனக்கு வலது காது மட்டும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் இன்னொரு கை. அடப்பாவிகளா! எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது கை. கடைசியாகத் தலைவர் தன் கையைத் தூக்கி, தானே அதை வேடிக்கை பார்த்தார். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. கேட்காத காதோடு இவர்கள் எண்ணெயில் முக்கி விற்ற கத்திகள் எத்தனை சமையலறையில், எத்தனை பேர் கையில் இருக்கின்றனவோ! இளையவர்கள் தங்கள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"வளைச்சே பாத்துடலாம்" என்றாள் நர்ஸ். எல்லாரும் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். நாற்காலி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நாற்பதில் உடைந்தது. துண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நாற்காலிப் பக்கம் இல்லை, வைஸுக்கு அடியிலும் இல்லை. கால் மணி நேரம் தேடிய பிறகு, எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கிய தலைவரின் கோட்டில், நெஞ்சுப் பக்கம், செருகிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தலைவர் அந்தக் கோட்டை அப்புறம் போடவே இல்லை.

நர்ஸ் துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மின்னியது. ஓரத்தில் மட்டும் எண்ணெய் புகுந்து கறுத்த ஒரு கீற்று. விரிசல் அன்றைக்கே விழுந்துவிட்டது.

"என் மூஞ்சியப் பாத்துத் தலையாட்டினீங்களே மாஸ்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மனுஷன் அழுதுவிட்டார். அப்போதும் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

சங்கம் அன்றே விதியை மாற்றியது. இனி எல்லாருக்கும் கவசம். எண்ணெயில் முக்கும்போது முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் நின்று கேட்க வேண்டும். சாட்சி நாற்காலி இருக்கும், ஆனால் கட்டாயமில்லை. இவர் வீட்டுக்கு வந்து, ஆறு வருஷத்தில் தன்னிடம் கத்தி வாங்கிய நாற்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டார். ஒவ்வொரு தடவை மறுமுனையில் "ஹலோ" கேட்கும் வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். கத்திகள் திரும்பி வந்தன. இரண்டில் விரிசல் இருந்தது. அதில் ஒன்று பள்ளிக்கூடச் சமையலறைக் கத்தி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் நர்ஸ் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்து, எப்போதும்போல வலப்பக்கம் நின்றாள்.

"வேற நல்ல பட்டறையாப் பாத்துக்கம்மா" என்றார் இவர்.

"எங்க போனாலும் செவிடுதானே மாஸ்டர். அன்னைக்குத்தான் எல்லாரும் கைய தூக்கினாங்களே."

முதல் கத்தியை எண்ணெயில் முக்கினாள். நிறம் அழகு, நேராக வந்தது, கோணல் இல்லை. நல்ல கத்தி என்று இவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பேசாமல் அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார். இரண்டாவதை முக்கியபோதும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"வந்துச்சா?"

"வரல."

அடுத்த கூட்டம். கயிறு, கட்டை, மயிர் எல்லாம் ஆனது. தலைவர் இரண்டு கவசங்களை எடுத்து வைத்தார். நர்ஸ் தன்னுடையதை மட்டும் மாட்டிக்கொண்டு, இவரைப் பார்த்து நாற்காலியைக் காட்டினாள்.

"உங்க தலையாட்டல நம்பி நான் ஒரு வருஷத்த விட்டேன் மாஸ்டர். என் பேச்ச நம்பி நீங்க உக்காருவீங்களா?"

கூடம் முழுக்கக் கேட்டது. 'கட்டாயமில்லை' என்று யாரோ முனகினார்கள். மூன்றாவது வரிசையில் மனைவி பாதி எழுந்துவிட்டார். இவருக்கு முடியாது என்று சொல்ல உரிமை இருந்தது, ஆசையும் இருந்தது. அன்றைக்குக் கோட்டில் செருகியிருந்த துண்டு கண்முன் வந்து நின்றது.

"வரலதானே?"

"வரல."

போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை இடது பக்கத்தைக் காட்டவில்லை. வைஸுக்கு நேராக, வலது கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால்கள் தந்தி அடித்தன. மறைக்கக்கூட முயலவில்லை.

நர்ஸ் குழாயைக் கீழே வைத்தாள். சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்தாள். இரண்டாவது கவசத்தை எடுத்து அவர் முகத்தில் மாட்டி, வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்து இறுக்கினாள்.

"நம்புறீங்களான்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இருக்கறது ஒரு கண்ணு. அத வச்சு யாராவது சூதாடுவாங்களா?"

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். நான் கண் ஆஸ்பத்திரி நர்ஸு மாஸ்டர்."

திரும்பிப் போய்க் குழாயைப் பிடித்தாள். தலைவர் "பத்து" என்றார். கவசத்துக்குள் அவர் பயந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் கண்ணை மூடவில்லை, தொண்ணூறு வரைக்கும் பார்த்தார்.