அளவு அண்ணன் கழற்றாத காலணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மழைக்காலத்தின் தொடக்கத்தில், காலணி தைக்கும் ஒருவர் தோல்பையும் கையுமாகத் தேவாலயக் கூடத்து வாசலில் வந்து நின்றார். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன ஏழைகளுக்கு, ஓய்வுபெற்ற நர்ஸம்மா அங்கே சனிக்கிழமைதோறும் புண் கழுவிக் கட்டுப் போட்டு வந்தார்.

"சிஸ்டர், நீங்க கட்டுப் போட்டு அனுப்புறீங்க. அவங்க அதே கல்லு மாதிரி செருப்பை மாட்டிக்கிட்டுப் போறாங்க. மெத்துன்னு நான் தைச்சுத் தர்றேன்."

"முதல் வாரம் ஆர்வமா வந்துட்டு மறுவாரம் தலைமறைவாகிற ஆளுங்களை நான் நிறையப் பார்த்தாச்சு, அண்ணே."

"நான் காலைப் பிடிச்சே பிழைக்கிறவன். லேசுல விடமாட்டேன்."

சொன்னபடியே விடவில்லை. பெஞ்சின் முன் மண்டியிட்டு, பழைய அட்டையில் ஒவ்வொரு பாதத்தையும் வரைந்து அளவெடுப்பார். 'அளவு அண்ணன்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. யாராவது கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால், "ஆண்டவரே குனிஞ்சு சீஷர் காலைக் கழுவினார். நான் அளவாவது எடுக்கக் கூடாதா?" என்பார்.

நர்ஸம்மாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. வருகிறவர் யாராயினும் காலணியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மரத்த கால், முள்ளின்மேல் நாள் முழுவதும் நடந்தாலும் அறியாது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை நண்பகல், கூடத்தின் வெள்ளைத் தரையில் நர்ஸம்மா இரத்தத் தடங்களைக் கண்டார்.

"யாரும் எழுந்திருக்காதீங்க! யார் காலு?"

அன்று வந்திருந்த பதினொரு பேரின் கால்களையும் மறுபடி பார்த்தார். ஒன்றிலும் கசிவில்லை. தடங்களைப் பின்பற்றிச் சென்றார். அவை, ஓரத்தில் உட்கார்ந்து ஊசிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அளவு அண்ணனிடம் போய் முடிந்தன.

அவருடைய காலணியை நர்ஸம்மாவே கழற்றினார். அவர் தொழிலுக்கு வைத்திருந்த ஆணிகளில் ஒன்று, அடித்தோலைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. இரண்டு விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன.

"எத்தனை நாளா, அண்ணே?"

"தெரியலையே சிஸ்டர். வலிச்சாத்தானே?"

"சர்க்கரை இருக்குன்னாவது தெரியுமா?"

அவர் தலைகுனிந்தார். "ஆறு வருஷமா."

"ஐயோ! ஏன் வாயைத் திறக்கலை?"

"சொன்னா என்னையும் பெஞ்சுல உக்கார வெச்சிடுவீங்க. நான் கீழேதான் இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

"ஆண்டவர் குனிஞ்சது ஞாபகம் இருந்துச்சே, சீஷருங்க காலை நீட்டினது ஞாபகம் வரலையா?" என்று கத்திவிட்டார் நர்ஸம்மா. பதினான்கு ஆண்டுகளில் அந்த ஒருவரிடம் மட்டும், 'உங்கள் காலணியைக் கழற்றுங்கள்' என்று தாம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உதவ வருகிறவருக்கும் கால் உண்டு என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

மருத்துவமனையில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். ஆயினும் நச்சு இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஒன்பதாம் நாள் பிற்பகல், பார்க்க வந்த போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட ஊழியம், அண்ணே! வாழ்ந்தா உங்களை மாதிரி வாழணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை கண்மூடிக் கிடந்த அளவு அண்ணன், பிறகு நர்ஸம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், அடக்கத்தன்னிக்கு போதகர் என்னை ஒரேயடியாத் தூக்கி வெச்சுப் பேசுவார். விடாதீங்க. நம்ம சனிக்கிழமை ஆளுங்க எல்லாரும் வந்திருப்பாங்க. நீங்க எழுந்து, நான் மறைச்சேன், அதனாலதான் செத்தேன்னு சொல்லிடுங்க. சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."