வெளியே வர மறுத்த ரொட்டி அடுப்பு

ஆங்கிலேயப் புறநகரான நோர்பரியில் நான் வேலை பார்த்த பெட்ரோல் நிலையத்துக்கு முதலாளியின் மச்சான் வந்து சேர்ந்ததால் என் வேலை போய், தோளில் பையோடு தோர்ன்டன் ஹீத் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கோபம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு வேலை வரும், போகும். எண்பதுகளின் கடைசி. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு தேவாலய மண்டபத்தின் முன் லொறி நின்றது. அதன் சாரதி யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் கூப்பிட்டார்.

“தம்பி, கையிலை பெலன் இருக்கோ? இவையள் துண்டு துண்டாய் வந்த அடுப்பை உள்ளுக்கை வைச்சுப் பொருத்திப் பூட்டிப்போட்டு, இப்ப கதவாலை எடுக்கேலாமல் நிண்டு பாட்டுப் படிக்கினம்.”

“பூட்டேக்கை அளந்து பாக்கேல்லையோ அண்ணை?”

“அளந்திருந்தால் ஏன் பாட்டு?”

உள்ளே கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த பெண்கள். நடுவில் அவர்களுடைய போதகர். பிற்பாடு பாஸ்டர் அம்மா என்று நான் கூப்பிடப் பழகியவர். புயல் கூரைகளைப் பிடுங்கிப்போன தம் மலைக்கிராமத்தில் அவருடைய மிஷன் ஒரு பேக்கரி தொடங்க இருந்தது. ஊர்ப் பெண்கள் ரொட்டி சுட்டு விற்று, அந்த வருமானத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவார்கள். மூடிப்போன ஒரு கடையிலிருந்து அடுப்பு துண்டு துண்டாகத்தான் வந்திருந்தது. அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால், தாங்கள் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் ஊருக்கு அனுப்புவதில்லை என்பது அந்தப் பெண்களின் வழக்கம். துண்டுகளைப் பொருத்திப் பூட்டி, ரொட்டி சுட்டு, ஜெபித்து, பங்கிட்டுத் தின்றார்கள். கடலில் குலுங்குமே என்று மூட்டுகளை வெல்டிங்கும் செய்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் அடுப்பு துறைமுகம் போய்ச் சேர வேண்டும். கப்பலைத் தவறவிட்டால், பேக்கரிக்கென்று காலியாக வைத்திருந்த கட்டடத்தைச் சொந்தக்காரர் ரம் கடைக்குக் கொடுத்துவிடுவார்.

பாஸ்டர் அம்மா கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார். “இதைக் கழற்றலாம்.”

மண்டபச் செயலாளர் பதறினார். சபையின் அனுமதி வேண்டுமாம். கூட்டம் அடுத்த வாரமாம்.

“கூட்டத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்” என்று பாஸ்டர் அம்மா சுத்தியலை என்னிடம் நீட்டினார். “மகனே, திரும்பப் பூட்டத் தெரியுமா?”

“கழற்றத் தெரியும்” என்றேன். எழுந்த சிரிப்பில் செயலாளரின் வாயும் கோணியது.

நிலை பெயர்ந்து வந்தது. இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டினோம். வாசற்படியில் அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தபோது பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

“படிக்கச் சொல்லு தம்பி! பாட்டுக்குத் தள்ளச் சுகமாக் கிடக்கு” என்று கத்தினார் அண்ணை. பாட்டு மறுபடி எழுந்தது. அடுப்பு நிமிர்ந்து லொறியில் ஏறியது. தெருவே கைதட்டியது.

கப்பல் போய்ச் சேர்ந்தது, ரொட்டி விற்றது, பள்ளிக்கூடம் கூரை கண்டது. இன்று அந்த மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பிறகு எத்தனையோ வேலைகள் செய்துவிட்டேன். தோளில் பை ஏறும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருவது அந்த வாசற்படிதான்.

அடுப்பு போன மறுநாள் காலை, கதவு நிலையைத் திரும்பப் பொருத்தும் வேலைக்குப் போனேன். செயலாளர் மரம் அறுக்கும் வாள் ஒன்றோடு எனக்கு முன்பே வந்து நின்றார். பாஸ்டர் அம்மா சுவரில் சோக்கட்டியால், பழைய நிலையைவிட ஒரு முழம் தள்ளிக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

“இந்த அளவுக்கு வெட்டு, மகனே. அடுத்து ஊருக்கு அனுப்புவது பெரிய தண்ணீர்த் தொட்டி.”