விலாசத்துல ஒரு எழுத்து

எங்க ஆளுகள்ல கடைக்குப் பேரு வைக்க மூளை வேணாம், விலாசம் இருந்தாப் போதும். ஐயா, அதாவது அப்பாவைப் பெத்தவுக, அவுக பேருல முதல் எழுத்து. அப்பச்சி, அதாவது அப்பா, அவுக பேருல முதல் எழுத்து. கடைசியா நம்ம எழுத்து. மூணையும் கோத்தா அதுதான் விலாசம். பின்னால என்ன கடையோ அதைப் போட்டா முடிஞ்சுது.

எனக்குத்தான் நடு எழுத்துல சிக்கல். எனக்கு அப்பச்சி ரெண்டு.

பெத்த அப்பச்சிக்கு நாங்க நாலு ஆம்பளைப் பிள்ளைக. அவுக அண்ணனுக்கு ஒண்ணும் இல்லை. எட்டு வயசுல என்னையச் சுவீகாரம் கொடுத்துட்டாக. தூரமெல்லாம் இல்லை, ஒரே வீடு. முற்றத்துக்கு இங்குட்டு ஒரு அடுப்பு, அங்குட்டு ஒரு அடுப்பு. அன்னைக்கு மத்தியானம் பழக்க தோசத்துல பழைய அடுப்படியில போயி உக்காந்தேன். "அங்குட்டுப் போயிச் சாப்பிடுப்பா"ன்னு பெத்த ஆத்தா சொல்லுச்சு. மறுநாள்லருந்து பெரியப்பா அப்பச்சி ஆயிட்டாக, அப்பச்சி சித்தப்பா ஆயிட்டாக. பழகிருச்சு. பழகலைன்னு சொன்னா மட்டும் யாரு கேக்கப் போறா?

அறுபதுகளோட கடைசியில, என்னைய வளத்த அப்பச்சி காலமான மறுவருசம், காரைக்குடியில பெயிண்டுக் கடை வைக்கக் கெளம்பினேன். "நானும் ஒரு பங்கு சேந்துக்கிறேன்"னாக சித்தப்பா. பெயிண்டுக்கும் அவுகளுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னாலே அடுத்த வருசம் பாப்போம்னு சொல்ற ஆளு. எதுக்கு வாராகன்னு எனக்குத் தெரியும். ஒரே பலகைக்குக் கீழ எங்கூட உக்காரணும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாக. நானும் கேக்கலை. ஆனா கடையைப் பதியுறதுக்கு எழுதின மனுவுல அவுக எழுத்தையும் சேத்து, விலாசத்தை நாலு எழுத்தா எழுதி வச்சுட்டேன். அந்த ஒத்தை எழுத்தாச்சும் எனக்குத் திரும்பக் கெடைக்கட்டும்னு ஆசை.

பதிவு ஆபீசு வெளியூர்ல. பஸ் ஏறிப் போனோம். கிளார்க் மனுவை ஆதியோட அந்தமாப் படிச்சாரு.

"தகப்பனார் பேரு?"

காலமானவுக பேரைச் சொன்னேன்.

"இவுக யாரு?"

சித்தப்பா முந்திக்கிட்டாக. "பங்காளி."

"பங்கு சேர்றீகன்னு மனுவுலயே இருக்கு. உறவு என்னன்னு கேக்கேன்."

"பங்காளி."

"அது தொழிலுக்கு. உறவுக்கு?"

"உறவுக்கும் அதேதான்."

கிளார்க் என்னையப் பாத்தாரு. நான் சுவரைப் பாத்தேன். பொய்யின்னும் சொல்ல முடியாது. ஒரு வீட்டு ஆம்பளைக வழியில வந்தவுக எல்லாம் பங்காளிதானே.

"சரி, பேருல இந்த மூணாவது எழுத்து யாரோடது?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள சித்தப்பா பேனாவை வாங்கி அந்த எழுத்தை அடிச்சுட்டாக.

"ஏன் அடிச்சீக?"ன்னேன்.

"கொடுத்தது கொடுத்ததுதான். அண்ணன் கண்ணை மூடுனதும் தம்பி எழுத்தை நொழைச்சுட்டான்னு பேரு வரக் கூடாது."

நியாயமான பேச்சு. அதனாலதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நியாயம் பேசுற மனுசன்கிட்ட என்னத்தச் சண்டை போட?

"அப்ப எந்த எழுத்தும் வேணாம் சார். பங்காளி பெயிண்டுக் கடைன்னு எழுதுங்க."

"பங்காளின்னா ஊருல சண்டைன்னுல்ல நெனைப்பாக?"

"நெனைக்கட்டும். வேடிக்கை பாக்க வாரவுக ஆளுக்கொரு டப்பா வாங்கிட்டுப் போவாக."

கிளார்க் சிரிக்கலை. அப்படியே எழுதிக்கிட்டு, உறவுங்கிற எடத்துலயும் பங்காளின்னே எழுதினாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வாரப்ப ஒரே சீட்டுல எடம் கெடைச்சுது. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சன்னலோரமா இருந்தேன். பஸ்ஸுல தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்லை. சித்தப்பா சுத்திமுத்திப் பாத்து அதை உறுதி பண்ணிக்கிட்டாக. கண்டக்டர் வந்து நின்னாரு.

"காரைக்குடி ரெண்டு"ன்னாக சித்தப்பா. "எனக்கு ஒண்ணு. எம் மகனுக்கு ஒண்ணு."

கண்டக்டர் உறவெல்லாம் கேக்கலை. ரெண்டு டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு.